டவுட்டா... சஸ்பெக்டா?

இன்டர்னல்ஸ் ஜுரம் ஆரம்பிச்சாச்சா?

போன வாரம் வந்த கடிதங்கள்ல ஒண்ணு என்னை ரெண்டு நாள் தூங்க விடலை. எழுதினவங்க கும்பகோணத்துல பி.எஸ்சி. படிக்கிற ஒரு மாணவி. மொத்தமே ரெண்டு வரிதான். ‘சார், டவுட்டுக்கும் சஸ்பெக்டுக்கும் என்ன வித்தியாசம்? டிக்‌ஷனரியில ரெண்டுக்குமே சந்தேகப்படுன்னுதான் போட்டிருக்கு!’

சின்னக் கேள்விதான். அரைப் பக்கத்துல பதில் சொல்லிடலாம். ஆனா இத்தனை வாரமா இந்த ரெண்டு சொல்லை மட்டும் நான் இந்தப் பக்கத்துல தொட்டதே இல்லை. மறந்துபோய் இல்லை... வேணும்னேதான். இந்த ரெண்டுக்கும் நடுவுல என்னோட பழைய கதை ஒண்ணு சிக்கிக்கிட்டு இருக்கு. சரி, கேட்டுட்டீங்க. இன்னிக்கு சொல்லியே ஆகணும்.

வருஷம் 1998. நான் செகண்ட் இயர். ஹாஸ்டல்ல ரெண்டு பேர் தங்குற ரூம். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சவன் நான். என் ரூம்மேட்டும் அப்படித்தான். ஆனா வீட்டு நிலைமையில என்னைவிட ரெண்டு படி கீழே. ஸ்காலர்ஷிப் பணம் வந்தாத்தான் அவனுக்கு மெஸ் பில்லே கட்ட முடியும். ரெண்டு சட்டையை மாத்தி மாத்தி துவைச்சுப் போடுவான். படிப்புல மட்டும் புலி.

பரீட்சைக்கு கட்டறதுக்காக அப்பா மணியார்டர் அனுப்பின பணம் 650 ரூபாயை என் டிரங்குப் பெட்டியில வச்சிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியைத் திறந்தா... காணோம். துணியை எல்லாம் உதறிப் பார்த்தாச்சு. பெட்டிக்கு அடியில விரிச்சிருந்த நியூஸ் பேப்பரைக்கூட எடுத்துப் பார்த்தாச்சு. இல்லை.

அஞ்சே நிமிஷத்துல வராண்டா முழுக்க விஷயம் பரவிடுச்சு. பக்கத்து ரூம் பசங்க எல்லாம் வந்து ஆளாளுக்கு துப்பறியும் நிபுணர் ஆயிட்டாங்க. ‘பூட்டு உடையலை. சாவி யார்கிட்ட இருக்கும்? யோசிச்சுப் பாருடா...’ன்னு கண்ணைக் காட்டறாங்க. யாரைச் சொல்றாங்கன்னு எனக்குப் புரியுது. நானும் அதையேதான் நினைச்சேன். இதை மறைச்சு என்ன ஆகப்போகுது?

வார்டன் எங்க காலேஜ் இங்கிலீஷ் டிபார்ட்மென்ட் புரொபசர். அவருக்கு லெட்டர்னா இங்கிலீஷ்லதான் கொடுக்கணும், அது ஹாஸ்டலோட எழுதாத சட்டம். ராத்திரி உட்கார்ந்து தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல எழுதினேன். பணம் எவ்வளவு, எப்போ வச்சேன், எப்போ காணாமப் போச்சு எல்லாம் எழுதிட்டு, கடைசியில ‘என் ரூம்மேட்தான் எடுத்திருப்பான்னு சந்தேகப்படறேன்’னு எழுதணும். எழுதினேன். ‘ஐ டவுட் மை ரூம்மேட் ஹேஸ் டேக்கன் இட்.’

காலையில ஆபீஸ் ரூம் மேஜையில லெட்டரை வச்சுட்டு, அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாம லைப்ரரிக்கு ஓடிட்டேன்.

மத்தியானம் ரூமுக்கு வந்தா அவன் கட்டில்ல உட்கார்ந்திருக்கான். கண்ணெல்லாம் சிவந்திருக்கு. போச்சுடா, அடிக்கப் போறான்னு நினைச்சேன். ‘வார்டன் உன் லெட்டரைக் காட்டினாருடா’ன்னான். எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு.

‘ஹாஸ்டலே என்னைத்தான் சொல்லுது. நீ ஒருத்தன்தான்டா நான் எடுத்திருக்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கே. வார்டனே சொன்னாரு, உன் ஃப்ரெண்ட் உன்னை நம்பறான், நீ தைரியமா இருன்னு...’

சொல்லிட்டு அழறான். எனக்கு ஒண்ணுமே புரியலை. கிண்டல் பண்றானோ? இல்லை, வார்டன்தான் பெருந்தன்மையா ஏதோ பொய் சொல்லி சமாளிச்சிருக்காரோ? வாயைத் திறக்காம நின்னேன். அந்த மௌனத்தை அவன் என்னோட பெரிய மனசுன்னு எடுத்துக்கிட்டான்.

கதை இன்னும் முடியலை. ஃபீஸ் கட்ட கடைசி நாள் வந்துச்சு. ஊர்ல அப்பாகிட்ட மறுபடியும் கேட்க எனக்குப் பயம். அவனோட ஸ்காலர்ஷிப் பணத்துல இருந்து 300 ரூபாயை எடுத்து என் கையில திணிச்சான். மீதியை வராண்டா பசங்ககிட்ட புரட்டினேன். ஒன்பது நாள் கழிச்சு, பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டை சப்மிட் பண்ண எடுத்தா, அட்டைக்குப் போட்டிருந்த பிரவுன் பேப்பருக்கு உள்ளே 650 ரூபாய் மடங்காம அப்படியே படுத்திருக்கு. பெட்டியில இருந்தா சேஃப் இல்லைன்னு நானே இடம் மாத்தி வச்சிருக்கேன்!

பணம் கிடைச்சதைச் சொல்ல வார்டன்கிட்ட போனேன். நல்லா ஒரு டோஸ் கிடைக்கும்னு எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே சிரிச்சார். ‘யுவர் சென்டென்ஸ் வாஸ் கரெக்ட்’னு மட்டும் சொன்னார். என் இங்கிலீஷை ஒரு புரொபசர் பாராட்டினது அதுதான் முதல் தடவை. மூணு வருஷம் அந்தப் பெருமையிலயே திரிஞ்சேன்.

2001-ல முதல் வேலை. டிரெய்னிங்ல ஒரு மேடம் போர்டுல ரெண்டு வாக்கியம் எழுதினாங்க. ‘ஐ டவுட் ஹி டுக் இட்.’ அதுக்குக் கீழே ‘ஐ சஸ்பெக்ட் ஹி டுக் இட்.’ எழுதிட்டு, ‘இது ரெண்டும் ஒண்ணா, எதிரெதிரா?’ன்னு கேட்டாங்க. ‘ஒண்ணுதான் மேடம்’னு முதல் ஆளா கையைத் தூக்கினவன் உங்க பாசத்துக்குரிய கட்டுரையாளன்தான். அவங்க விளக்கம் சொல்லி முடிக்கிறதுக்குள்ளே ஏ.சி. ரூம்ல எனக்கு வேர்த்துடுச்சு.

கும்பகோணம் மாணவிக்கு இப்ப பதில் சொல்றேன். ‘சஸ்பெக்ட்’னா, ‘அப்படித்தான் இருக்கும்’னு மனசு ஒரு பக்கம் சாயறது. ‘டவுட்’னா, ‘அப்படி இருக்காது’ன்னு சாயறது. ‘ஐ சஸ்பெக்ட் இட் வில் ரெயின்’னா, மழை வரும்போல இருக்கு, குடையை எடுத்துக்கோ. ‘ஐ டவுட் இட் வில் ரெயின்’னா, மழை வர்றது சந்தேகம்தான், குடை வேண்டாம். ஒரு சொல்லு மாறினா நனைஞ்சுடுவீங்க!

தமிழைக் கவனிச்சா சூட்சுமம் பிடிபடும். ‘அவன் வர்றது சந்தேகம்தான்’னு சொன்னா நமக்கும் வரமாட்டான்னுதான் அர்த்தம். அது டவுட். ‘அவன்தான் எடுத்திருப்பானோன்னு சந்தேகமா இருக்கு’ன்னா எடுத்திருக்கான்னு அர்த்தம். அது சஸ்பெக்ட். தமிழ்ல ‘சந்தேகம்’ங்கிற ஒரே சொல்லு ரெண்டு வேலையையும் பார்க்குது. எந்தப் பக்கம்னு வாக்கியத்தோட வால்தான் சொல்லும். இங்கிலீஷ்ல வால் கிடையாது. அதனால சொல்லையே மாத்தியாகணும்.

ஒரு சுலபமான சோதனை. டவுட் போட நினைக்கிற இடத்துல ‘ஐ டோன்ட் திங்க்’ போட்டுப் பாருங்க. பொருந்தினா டவுட் சரி. ‘ஐ திங்க்’தான் பொருந்துதா? சஸ்பெக்ட் போடுங்க. என் லெட்டர்ல போட்டுப் பாருங்களேன்: ‘ஐ டோன்ட் திங்க் மை ரூம்மேட் ஹேஸ் டேக்கன் இட்.’ அடேங்கப்பா, எவ்வளவு நல்லவன் நான்!

இன்னொரு விஷயம். நம்ம தப்புக்கு ரொம்பப் பெரிய இடத்துல சொந்தக்காரங்க இருக்காங்க. ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலீஷ்ல ‘டவுட்’டுக்கு ‘பயப்படு’, ‘இருக்குமோன்னு சந்தேகி’ங்கிற அர்த்தமும் இருந்தது. ‘ஹாம்லெட்’ நாடகத்தோட முதல் அங்கத்துல, அப்பாவோட ஆவி நடமாடுதுன்னு கேள்விப்பட்டதும் ஏதோ சதி நடந்திருக்குன்னு இளவரசன் சந்தேகிக்கிற இடம் வரும். அங்கே ஷேக்ஸ்பியர் போட்ட சொல் டவுட்தான்! ஸ்காட்லாந்து பக்கம் இன்னிக்கும் ‘ஐ டவுட் இட்டில் ரெயின்’னா மழை வரும்போல இருக்குன்னு அர்த்தம் எடுத்துக்கிறவங்க இருக்காங்க. அதுக்காக இன்டர்வியூல போய் ‘சார், இது ஷேக்ஸ்பியர் பிரயோகம்’னு வாதம் பண்ணாதீங்க. வேலை போயிடும்.

டவுட்னு எழுதும்போது நடுவுல ஒரு ‘பி’ வெட்டியா உட்கார்ந்திருக்கே, அது எதுக்குன்னு கேட்பீங்க. பிரெஞ்சுல இருந்து இங்கிலீஷுக்கு வந்தப்போ இந்தச் சொல்லுல ‘பி’ கிடையாது. பின்னால வந்த பண்டிதர்கள், ‘இதோட மூலம் லத்தீன்ல டுபிடாரே ஆச்சே, அந்த பி எங்கே?’ன்னு தேடி எழுத்துல மட்டும் சொருகிட்டாங்க. வாய் அதை ஏத்துக்கலை. கடனுக்கு ‘டெட்’னு ஒரு சொல் இருக்கே, அதுல இருக்கிற ‘பி’யும் இதே மாதிரி பின்கதவு வழியா வந்ததுதான். அதனால ‘டவுப்ட்’, ‘டெப்ட்’னு சொல்லி யாரும் பண்டிதர்களைச் சந்தோஷப்படுத்த வேண்டாம்.

சஸ்பெக்ட்ல இன்னொரு சின்ன நுணுக்கம். போலீஸ் பிடிச்சு வச்சிருக்கிற ஆளும் சஸ்பெக்ட்தான். ஆளைச் சொல்லும்போது முதல் பாதியை அழுத்தணும். சந்தேகப்படற வேலையைச் சொல்லும்போது ரெண்டாவது பாதியை அழுத்தணும். ‘சஸ்பிஷியஸ்’னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது இன்னும் வில்லங்கம். ‘ஹி இஸ் சஸ்பிஷியஸ்’னா அவன் சந்தேகப்படற பேர்வழியா, இல்லை அவனைப் பார்த்தா நமக்குச் சந்தேகம் வருதா? ரெண்டும் ஆகும். பின்னால ‘ஆஃப்’ வந்தா அவன் யார் மேலயோ சந்தேகப்படறான்னு எடுத்துக்கலாம். நாம ‘சந்தேகப் பிராணி’, ‘சந்தேகத்துக்குரிய ஆள்’னு தெளிவா பிரிச்சு வச்சிருக்கோம். இந்த இடத்துல தமிழ்தான் கெட்டி.

அப்புறம் கிளாஸ்ல நாம தினமும் கேட்கிற ‘சார், ஒரு டவுட்’! நம்ம ஊர் கிளாஸ்ல அது செல்லும். நமக்கும் புரியும், சாருக்கும் புரியும். அதை மாத்தணும்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா நாளைக்கு லண்டன்ல இருக்கிற ஒரு மேனேஜர் மீட்டிங்ல பேசி முடிச்சதும் ‘ஐ ஹேவ் எ டவுட்’னு ஆரம்பிச்சீங்கன்னா, நீங்க சொன்னதை நான் நம்பலைன்னு ஒரு வாடை அடிக்கும். அங்கே ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’. அவ்வளவுதான்.

எல்லாத்துக்கும் ஒரே வேர்

அந்த டிரெய்னிங் ரூமை விட்டு வெளியே வந்தப்புறம் எனக்கு ஒரு பைத்தியம் பிடிச்சுது. நான் இங்கிலீஷ்ல எங்கெங்கே வழுக்கி விழுந்திருக்கேன்னு ஒரு நோட்டுல எழுத ஆரம்பிச்சேன். பார்த்தா, கஷ்டமான வார்த்தை ஒண்ணுகூட அதுல இல்லை. கஷ்டமான வார்த்தைன்னா நாம டிக்‌ஷனரியைப் பார்த்துடறோமே! விழுந்ததெல்லாம் தெரிஞ்ச வார்த்தையிலதான். அதுவும் தமிழ்ல ஒரு சொல்லு இருந்து, இங்கிலீஷ்காரன் அதை ரெண்டா மூணா பிரிச்சு வச்சிருக்கிற இடத்துல.

நிழலை எடுத்துக்கோங்க. மரத்தடியில நிக்கிறோமே, அதுவும் நிழல். வெயில்ல நம்ம கூடவே கறுப்பா ஓடி வருதே, அதுவும் நிழல். இங்கிலீஷ்ல முதலாவது ‘ஷேட்’, ரெண்டாவது ‘ஷேடோ’. வெயில் படாத இடம் ஷேட், ஒரு உருவம் விழுந்தா ஷேடோ. வேடிக்கை என்னன்னா, பழைய இங்கிலீஷ்ல அதுவும் ஒரே சொல்லா இருந்ததுதான். அந்த ஒரு சொல்லோட ரெண்டு வேற்றுமை வடிவங்கள் தனித்தனியா பிரிஞ்சு ரெண்டு குடித்தனம் ஆயிடுச்சு.

நம்ம ‘கால்’ இருக்கே... இடுப்புக்குக் கீழே எல்லாமே நமக்கு கால்தான். அவங்களுக்கு கணுக்காலுக்கு மேலே ‘லெக்’, கீழே ‘ஃபுட்’. கையும் அப்படித்தான், மணிக்கட்டுக்கு மேலே ‘ஆர்ம்’, அந்தப் பக்கம் ‘ஹேண்ட்’. கையில இருந்தா ‘ஃபிங்கர்’, கால்ல இருந்தா ‘டோ’. ‘லெக் ஃபிங்கர்’னு ஒண்ணு உலகத்துல எங்கேயும் கிடையாது! சிரிக்கிறீங்க. வெளிமாநிலத்துல வேலைக்குப் போய், தமிழ் தெரியாத டாக்டர்கிட்ட போன்ல ‘மை ஹேண்ட் இஸ் ப்ரோக்கன்’னு சொல்லிப் பாருங்க, அவர் விரல் பக்கம் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். முழங்கை பக்கம் உடைஞ்சிருக்கிறவனுக்கு அது சிரிப்பா இருக்காது.

பார்க்கிறதும் கேட்கிறதும் எல்லாரும் சறுக்கற இடம். ‘சீ’, ‘லுக்’, ‘வாட்ச்’ மூணுக்கும் நமக்கு ‘பார்’ ஒண்ணுதான். ஆனா தமிழை இன்னும் கொஞ்சம் தோண்டினா விடை உள்ளேயே இருக்கு. ‘கண்ணுல பட்டுது’ன்னு சொல்றோமே, அது ‘சீ’. நாமளா கண்ணைத் திருப்பினா ‘லுக்’. கண் எடுக்காம கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தா ‘வாட்ச்’. கிரிக்கெட்டை டி.வி.யில வாட்ச் பண்றோம். அதே மாதிரி ‘காதுல விழுந்துது’ன்னா ‘ஹியர்’. ‘காது கொடுத்துக் கேட்டேன்’னா ‘லிசன்’. புரொபசர் நடத்தினது எல்லாருக்கும் காதுல விழும், காது கொடுக்கிறது நாலு பேர்தான். இனிமே மறக்காதுல்ல?

மறக்கிறதுன்னு சொன்னதும் இதையும் சொல்லிடறேன். ‘ஐ ஃபர்காட் மை அம்ப்ரெல்லா இன் தி பஸ்’னு நாம சொல்வோம். எந்த இடத்துலன்னு சொல்றபோது ‘ஃபர்காட்’ போடாம ‘லெஃப்ட்’ போடறதுதான் நல்ல இங்கிலீஷ். தமிழ்லயும் ‘பஸ்ல குடையை மறந்து வச்சுட்டேன்’னுதானே சொல்றோம்! அந்த ‘வச்சுட்டேன்’தான் லெஃப்ட்.

‘எதிர்பார்க்கிறேன்’ங்கிற ஒரு சொல்லு வேலை தேடறவங்களுக்கு ஆபத்து. அப்ளிகேஷனை அனுப்பிட்டு கடைசியில ‘ஐ ஆம் எக்ஸ்பெக்டிங் யுவர் ரிப்ளை’ன்னு முடிக்கிறாங்க. ‘பதில் வந்தாகணும்’னு அதட்டற தொனி அதுல இருக்கு. ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’ன்னு எழுதினா ஆசையா காத்திருக்கேன்னு அர்த்தம். ‘டு’வுக்கு அப்புறம் ‘ஹியர்’ இல்லை, ‘ஹியரிங்’. நூத்துக்குத் தொண்ணூறு அப்ளிகேஷன் தடுக்கி விழறது அந்த ‘டு’விலதான். ‘எக்ஸ்பெக்டிங்’கை பாதியில நிறுத்தினா இன்னும் மோசம். ‘ஐ ஆம் எக்ஸ்பெக்டிங்’னு மட்டும் ஒரு பொண்ணு சொன்னா, ஆபீஸ்ல எல்லாரும் எழுந்து கைகுலுக்கி வளைகாப்பு எப்பன்னு கேட்பாங்க!

கடன் பத்தி ஒரு வரி. நாம கொடுத்தா ‘லெண்ட்’, வாங்கினா ‘பாரோ’. ‘கேன் யூ பாரோ மீ யுவர் பென்’னு கேட்டா எதிராளி முழிப்பான். இது ஒண்ணும் தமிழனுக்கு மட்டும் வர்ற நோய் இல்லை. ஜெர்மன்லயும் ‘லைஹென்’னு ஒரே சொல்லு ரெண்டுக்கும் வரும். ஜெர்மன்காரங்களும் இங்கிலீஷ் கத்துக்கிறபோது இதே இடத்துலதான் முட்டிக்கிறாங்க.

இப்ப ஒரு சந்தோஷமான சமாச்சாரம். ‘ப்ரிங்’கையும் ‘டேக்’கையும் நம்ம பசங்க அதிகமா குழப்பிக்கிறதில்லை, கவனிச்சிருக்கீங்களா? ஏன்னா நம்மகிட்டயும் ‘கொண்டு வா’, ‘கொண்டு போ’ன்னு ரெண்டு இருக்கு. ரெண்டுக்கு ரெண்டு பொருந்திடுச்சுன்னா பிரச்னையே இல்லை.

நாம பணக்காரங்களா இருக்கிற இடம்

எப்பவும் இங்கிலீஷ்காரன்தான் ரெண்டு வச்சிருக்கான்னு நினைச்சு தாழ்வு மனப்பான்மையோட படுத்துடாதீங்க. அவன் கை வறண்டு நிக்கிற இடமும் உண்டு. நமக்கு நெல், அரிசி, சோறு மூணும் வேற வேற. அவனுக்கு வயல்லயும் ‘ரைஸ்’, மூட்டையிலயும் ‘ரைஸ்’, தட்டுலயும் ‘ரைஸ்’. அண்ணன், தம்பி ரெண்டு பேரும் ‘பிரதர்’. சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லாரையும் ஒரே ‘அங்கிள்’ மூட்டையில கட்டிடறான். நாம ‘கசின் பிரதர்’னு ஒண்ணைக் கண்டுபிடிச்சதே அந்த வறுமை தாங்காமத்தான். வெளிநாட்டு மெயில்ல ‘கசின்’னு மட்டும் எழுதுங்க. மத்தபடி, வீட்டுக் கல்யாணத்துல யாராவது ‘மை கசின் பிரதர்’னு அறிமுகம் பண்ணினா திருத்தாதீங்க, பந்தியில உங்களுக்கு மட்டும் ஜாங்கிரி வராது.

‘மேங்கோ’வைப் பாருங்க. மரத்துல பச்சையா தொங்கினா மாங்காய், பழுத்தா மாம்பழம், நமக்குக் குழப்பமே இல்லை. போர்ச்சுகீசியர்கள் நம்ம பக்கத்து ‘மாங்காய்’, மலையாளத்து ‘மாங்ங’யைக் காதுல வாங்கி ‘மங்கா’ன்னாங்க. அது இங்கிலீஷுக்குப் போய் ‘மேங்கோ’ ஆச்சு. பழத்தைச் சாப்பிட்டுக்கிட்டே காயோட பேரைச் சொல்லிக்கிட்டிருக்காங்க பாவம்!

எனக்குப் பிடிச்சது நாம, நாங்க. ரெண்டுக்கும் அவங்ககிட்ட ஒரே ‘வி’. இன்டர்வியூ முடிஞ்சு ஹெச்.ஆர். ‘வி வில் டிஸ்கஸ் தி சாலரி’ன்னு சொன்னா, நாம சேர்ந்து பேசுவோமா, இல்லை உன்னை வெளியே அனுப்பிட்டு நாங்க பேசுவோமா? ‘வி’யை வச்சு கண்டுபிடிக்கவே முடியாது. முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். இந்த ஒரு விஷயத்துல இங்கிலீஷ்காரன் நம்மகிட்ட டியூஷன் வரணும்.

இடியத்தைப் பத்தி எழுதலையேன்னு நினைக்கிறவங்களுக்கு, இந்த வாரத்துக்கு ஒண்ணே ஒண்ணு. ‘பெனிஃபிட் ஆஃப் தி டவுட்.’ பேப்பர்ல கோர்ட் செய்தியில ‘சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை’ன்னு வருமே, அதேதான். கோர்ட்டுக்கு வெளியேயும் தாராளமா வரும். ஃப்ரெண்ட் லேட்டா வந்து டிராஃபிக்னு சொல்றான். நம்பவும் முடியலை, பொய்னு நிரூபிக்கவும் முடியலை. சரி, போய்த் தொலையட்டும்னு அவன் சொன்னதையே எடுத்துக்கிட்டா, ‘ஐ கேவ் ஹிம் தி பெனிஃபிட் ஆஃப் தி டவுட்’.

இந்த இடியத்தை முதல் தடவை படிச்சப்போ எனக்கு வார்டன் ஞாபகம் வந்துச்சு. வருஷக்கணக்கா நம்ம பசங்களோட பேப்பரைத் திருத்தின மனுஷன். ‘டவுட்’னு எழுதற தமிழ்நாட்டுப் பையன் மனசுல என்ன நினைச்சு எழுதறான்னு அவருக்கா தெரியாது? தெரிஞ்சுதான் அந்த வாக்கியத்தை இங்கிலீஷ் இலக்கணப்படி மட்டும் படிச்சிருக்கார். ‘யுவர் சென்டென்ஸ் வாஸ் கரெக்ட்’னு அவர் சொன்னதோட அர்த்தம் அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அவரைத் தேடிப் போய்க் கேட்கலாம்னு நான் கிளம்பறதுக்குள்ளே அவர் இல்லை.

ரூம்மேட் நல்லா இருக்கான். இன்னிக்கும் மாசம் ஒரு தடவை பேசுவான். போன வருஷம் அவன் பொண்ணை காலேஜ்ல சேர்க்க வந்தப்போ, என்னைக் காட்டி, ‘இந்த மாமாதான் எனக்காக வார்டனுக்கு லெட்டர் எழுதினவரு’ன்னு அறிமுகப்படுத்தினான். பொண்ணு இங்கிலீஷ் மீடியம். ‘என்ன மாமா எழுதினீங்க?’ன்னு கேட்டா. அந்த வாக்கியத்தைச் சொன்னேன். ‘சோ ஸ்வீட்’னா. நான் காபியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பொண்ணு இந்தப் பக்கத்தை வாரம் தவறாம படிக்கிறாளாம். அதனால இது அவன் கண்ணுலயும் படும்னு... சரி, நீங்களே சொல்லுங்க, இங்கே டவுட்டா, சஸ்பெக்டா?

டேய், அன்னிக்கு நான் எழுத நினைச்சது வேற. மன்னிச்சுக்கோடா. அந்த 300 ரூபாயை உனக்குத் திருப்பிக் கொடுத்த மாதிரி எனக்கு ஞாபகமே இல்லை. நான் பாரோ பண்ணினதா, நீ சும்மா கொடுத்ததாங்கிறதை நீயே போன் பண்ணிச் சொல்லு.